ஆறு கிலோமீற்றர் ஓடுவதற்கு அறுபது இலட்சமா?



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், ஒரு தம்பி சத்தமாகவே கேட்டார்: "சேர், ரெண்டு பேரும் சம்பளம் எடுக்கிறீங்க. இன்னமும் அந்த மாருதிதானா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். வீட்டில் இருவரும் இருந்து பேசியபோதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. கேட்ட தம்பியில் கோபமில்லை, அவர் எங்களிடம் படித்த நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கேள்வி அவருடையது அல்ல, ஊருடையது. அதனால் ஊருக்கே பதில் எழுதுகிறோம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு மாருதி 800. 2017இல் ஏழரை இலட்சத்துக்கு வாங்கினோம். சீட்டுப் பிடித்த காசும், ஒரு சோடிக் காப்பு விற்ற காசும். கடன் ஒரு சதமும் இல்லை. அது போகிற இடங்கள்: சாய்ந்தமருதிலிருந்து பாடசாலை, கல்முனைச் சந்தை, மாதத்தில் ஒரு நாள் உம்மாவின் கிளினிக், பிள்ளைகளின் டியூஷன், மழை நாளில் மையித்து வீடு. சராசரியாக ஒரு நாளைக்கு ஆறு கிலோமீற்றர். அதைத் தாண்டி ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

உங்கள் வீட்டுக் காரும் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு கிழமைக்கு மீற்றரைப் பார்த்து எழுதி வையுங்கள். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை நம் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நீட்டுத் துண்டு நிலம். வங்கி, ஆஸ்பத்திரி, பாடசாலை, மீன் சந்தை எல்லாம் மூன்று நான்கு கிலோமீற்றருக்குள். இந்தத் துண்டுக்குள் ஓடுவதற்கு மாதம் மாதம் சம்பளத்தில் பாதியை லீசிங்குக்குக் கட்டுகிறோமே, எதற்கு?

"பெற்றோல் மிச்சம் சேர்" என்கிறார்கள். ஹைபிரிட் வண்டிக்காரர்கள் எல்லாரும் சொல்கிற பதில் இதுதான். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

நாளைக்கு ஆறு கிலோமீற்றர், மாதம் இருபத்தைந்து நாள். ஆக 150 கிலோமீற்றர். எங்கள் பழைய மாருதி ஊருக்குள் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது. அப்படியென்றால் மாதம் பன்னிரண்டரை லீற்றர். உங்கள் புது வண்டி 20 ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை லீற்றர். வித்தியாசம் 5 லீற்றர். ஒரு லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால், மாதம் 1,500 ரூபா. வருடத்துக்கு 18,000. இந்தப் பதினெட்டாயிரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வண்டிக்கும் இடையில் 20 இலட்சம் கூடக் கொடுத்தீர்கள் என்றால், போட்ட காசு திரும்பி வர 111 வருடம் செல்லும். வித்தியாசம் 40 இலட்சம் என்றால் பெருக்கிப் பாருங்கள். வட்டியை இன்னும் சேர்க்கவில்லை.

தினமும் அறுபது, எழுபது கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு. அம்பாறைக்கு வேலைக்குப் போய்வருகிறவர், மட்டக்களப்புக்குச் சாமான் எடுக்கப் போகிற வியாபாரி நல்ல வண்டி வாங்கட்டும், அது அவர்களுக்குத் தேவை. நாங்கள் பேசுவது நம்மைப் போன்ற ஆறு கிலோமீற்றர்க்காரர்களைப் பற்றி.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. "கார் என்பது முதலீடு. காசு எங்கே போகிறது, விற்றால் கூட வரும்தானே." இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட ஐந்து வருடம் புது வண்டி வரவில்லை. உள்ளே இருந்த பழைய வண்டியெல்லாம் தங்கமாகிவிட்டது. 2018இல் வாங்கியவர் நான்கு வருடம் ஓடிவிட்டு, வாங்கியதைவிடக் கூடுதலாக விற்றார். அதைப் பார்த்து ஊரே கார் வியாபாரி ஆனது. 2025இன் தொடக்கத்தில் இறக்குமதி திறந்தது. அந்த ஐந்து வருடம் போய்விட்டது. ஆனால் அந்தக் கனவில் லீசிங் எடுத்தவர்களின் கட்டுப்பணம் மட்டும் போகவில்லை. தேய்கிற டயரும் கறல் பிடிக்கிற தகரமும் முதலீடு ஆகாது. வயலைச் சொல்லுங்கள், வளவைச் சொல்லுங்கள், கேட்கிறோம்.

வட்டி பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, எங்களுடையது அல்ல. எங்கள் வேலை கணக்கு. லீசிங் எடுத்த வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். பள்ளிவாசல் முன்னால் அந்தக் காரில் வந்து இறங்கும்போது இறங்குகிறவர் நாம், கார் நம்முடையதல்ல. மூன்று மாதம் கட்டத் தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? 2022இல் எத்தனை வீட்டில் பார்த்தோம். இஜாரா என்ற பெயரில் எடுத்தவர்களுக்கும் மாதக் கட்டுப்பணம் மாதம் தவறாமல்தான் வந்தது.

2022 என்றதும் வரிசை ஞாபகம் வரும். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். பெரிய வண்டிக்காரர்கள் இது எந்த மூலைக்கு என்று ஏசினார்கள். எங்கள் மாருதிக்கு அந்த இருபதில் பாதியும் தேவைப்படவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் இரண்டு பிரசவத்துக்கும் ஒரு நெஞ்சு நோவுக்கும் இந்தச் சிரிப்புக்குரிய மாருதிதான் நடுச்சாமத்தில் ஓடியது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

இனி எழுதக் கூச்சமான விஷயம். எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா. பெயர் வேண்டாம். வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருந்தார். அதில் ஒரு ஏக்கரை விற்று மகளுக்கு வீடு முடித்தார். வீடு முடிந்தபிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: "நாங்க ஒண்டும் கேக்கல்ல. ஆனா மற்ற மருமகனுக்கு கார் குடுத்திருக்காங்க, பாத்துக்கங்க." அந்த "பாத்துக்கங்க" இருக்கிறதே, அது இருந்த ஒரு ஏக்கரையும் தின்றது. கார் வந்தது, வெள்ளை நிறம், ரிவேர்ஸ் கமரா எல்லாம் உண்டு. மாப்பிள்ளை வேலை செய்கிற இடம் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர். அந்த வாப்பா இன்று தன் சொந்த வட்டையில் வேறொருவரின் வயலுக்குக் கூலிக்குப் போகிறார். சைக்கிளில். வழியில் அந்தக் கார் அவரைக் கடந்து போவதைக் கண்ணால் கண்டோம்.

சீதனம் வாங்க மாட்டோம் என்று நிக்காஹ் மேடையில் பேசுகிறோம். கார் சீதனம் இல்லையாம், அன்பளிப்பாம். அன்பளிப்பு என்றால் மாருதியைக் கொடுத்தால் ஏன் முகம் சுருங்குகிறது?

அந்த முகச் சுருக்கம்தான் நம் நோய். அது இன்னொரு பக்கத்திலும் ஆளைக் கொல்லப் பார்க்கிறது. எங்களோடு படிப்பிக்கிற ஒரு இளம் ஆசிரியர். மோட்டார் பைக்கில் மனைவி, இரண்டு பிள்ளைகள், பிறகு மூன்றாவதும் பிறந்தது. ஒரு பழைய அல்டோ நல்ல விலைக்கு வந்தது, நாங்களே போய்ப் பார்த்தோம், குறையில்லை. வாங்க முடிவெடுத்தார். மச்சான்மார் சிரித்தார்கள்: "அந்த டப்பாவா? கொஞ்சம் பொறுத்து நல்லதா எடுங்க." அவர் பொறுத்தார். மார்கழி மழையில் எட்டு நாள் குழந்தையை மடியில் வைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு மனைவி பின்னால் இருந்தார். காரைதீவுப் பக்கம் ஒரு காற்று குடையை இழுத்தது. விழுந்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தாயின் கை முறிந்தது. சிரித்த மச்சான்மார் ஆஸ்பத்திரிக்கு அப்பிள் கொண்டு வந்தார்கள்.

ஆகவே பழைய சிறிய கார் ஒன்று தேவையான வீடு வாங்கட்டும், வெட்கப்படாமல் வாங்கட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அதுவும் வீட்டைத் தின்னும். மலிவு என்று எடுத்து ஆறு மாதத்தில் கராஜில் இன்னொரு விலை கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். முதல் வருடம் நாங்களும் கொடுத்தோம். ஏமாந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

நம் கரையோரத்தில் எஞ்சினைவிடத் தகரத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினைத் திருத்தலாம். உப்புக் காற்று தின்ற அடித்தளத்தைத் திருத்துவது வீண் செலவு. மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள், அதில் மயங்க வேண்டாம். கால் மிதிக்கிற விரிப்பைத் தூக்குங்கள். ஜக் வைக்கிற இடத்தை அழுத்துங்கள். பொனட்டைத் திறந்து முன் சில்லுகளின் ஷொக் வந்து பொருந்துகிற இரு மேடுகளையும் பாருங்கள். நாங்கள் ஒரு துணியில் சுற்றிய காந்தம் கொண்டு போவோம், விஞ்ஞான பாடத்துக்கு வாங்கியது. தகரத்தில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. கதவின் கீழ் ஓரமாக இழுத்துக்கொண்டு போனால் எங்கே நழுவுகிறதோ அங்கே கதை இருக்கிறது. ஒருமுறை ஒரு வண்டியின் ஒரு பக்கம் முழுக்க நழுவியது. விற்க வந்தவர், "காந்தம் பழுது சேர்" என்றார்.

மலைநாட்டில் ஓடிய வண்டிக்குக் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், உடம்பு சுகமாக இருக்கும். நம் பக்க வண்டி மறுதலை. இரண்டில் ஒன்றென்றால் மலைநாட்டு வண்டியை எடுப்போம். கிளட்ச் பிளேட் ஒரு நாள் வேலை.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் நம் பக்கம் வரும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்பைச் சுற்றி எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது. அவை எங்கே போயின? நம் ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வராத வருடம் குறைவு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவினாலும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். உதிரிச் சில்லு வைக்கிற குழியையும் பாருங்கள்.

பார்க்கப் போனால் சுபஹுக்குப் பிறகு, சொல்லாமல் போங்கள். பொனட்டில் கை வைத்தால் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னமே ஸ்டார்ட் பண்ணிவைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் போலப் பிசுக்கு ஒட்டியிருந்தால் தண்ணீர் கலக்கிறது. கொஞ்சமாக இருந்தால் குறுகிய ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம், கூடுதலாக இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். கிலோமீற்றர் இலக்கத்தை நம்ப வேண்டாம். பிரேக் பெடலின் இறப்பர் வழித்து மொட்டையாகியிருக்க, மீற்றர் நாற்பதாயிரம் என்று காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, இறப்பர் பொய் சொல்லாது.

இந்த மீற்றர் திருகுகிறவர்கள் வேறு யாருமல்ல. நம்மோடு முதல் சப்பில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவத்தை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். மீற்றர் திருகுவது அந்த ஈரம்தான். தரகர்மாரே, இதற்கு மேல் எங்களால் பணிவாகச் சொல்ல முடியவில்லை.

பத்திரம். "ஓபன் பேப்பரில் எடுங்க, செலவு மிச்சம்" என்பார்கள். எங்கள் உறவில் ஒருவர் அப்படி விற்றார். மூன்று கை மாறிய பிறகு எங்கோ நடந்த விபத்துக்குப் பொலிஸ் இவரைத் தேடி வந்தது. விற்றாலும் வாங்கினாலும் பெயரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. லீசிங் முடிந்ததா, பதிவுப் புத்தகத்திலிருந்து கம்பனிப் பெயர் நீங்கியதா என்பதை அட்வான்ஸ் கொடுக்க முன்னர் பாருங்கள், கொடுத்த பிறகு பார்த்துப் பலனில்லை.

எந்த வண்டி என்று உள்பெட்டியில் பலர் கேட்கிறீர்கள். மாருதி 800க்கும் அல்டோவுக்கும் 796 சீசி, மூன்று சிலிண்டர். நம் ஊர் பாஸ்மாருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டத் தெரியும், சாமான் கல்முனையிலேயே கிடைக்கும். விவா எலீட், பழைய மார்ச் போன்றவையும் பாவம் இல்லாத வண்டிகள். வேறு எதையாவது மலிவாகக் கண்டால் முதலில் உங்கள் தெரு பாஸிடம் போய், "இதில் கை வைப்பீங்களா?" என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சிலர் பற்றரி இறங்கிய பழைய லீஃப் பற்றிச் சொல்கிறார்கள். ஆறு கிலோமீற்றருக்கு பற்றரி பாதி இருந்தாலும் போதும், வீட்டில் சோலார் இருந்தால் இன்னும் நல்லது என்பது நியாயமான வாதம். மறுக்கவில்லை. அது நின்றுவிட்டால் நம் பக்கம் யார் பார்ப்பார் என்பதற்குப் பதில் கிடைத்தவர் வாங்கட்டும்.

வாங்கிய பிறகு ஒன்று. குறுகிய ஓட்டம் எஞ்சினுக்குச் சுகம் என்று நினைக்கிறோம். அது தவறு. எஞ்சின் சூடாகும் முன்பே பாடசாலை வந்துவிடுகிறது. உள்ளே ஊறுகிற ஈரம் ஆவியாகிப் போக நேரமில்லை. ஒயில் கெடுகிறது, சைலன்சர் உள்ளிருந்து கறல் பிடிக்கிறது, பற்றரி நிரம்பாமலே நிற்கிறது. ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினால்தான் ஒயில் மாற்றுவேன் என்று இருந்தால், நம் ஓட்டத்துக்கு மூன்று வருடமாகும். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம், ஓடினாலும் ஓடாவிட்டாலும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று வரை ஒரு ஓட்டம். வண்டிக்கு மருந்து, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துவிடுவோம்.

குறையையும் மறைக்கக் கூடாது, மேலே தானியக் குவியல் பற்றிப் பேசிவிட்டோம். இந்தச் சிறிய வண்டிகள் விபத்தில் பலமில்லாதவை. 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு அல்டோ 800ஐயும் டாட்டா நானோவையும் மோதிப் பார்த்தபோது பெரியவர்களின் பாதுகாப்புக்கு இரண்டுக்கும் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. எங்கள் மாருதியில் எயார்பேக்கும் இல்லை. அதனால்தான் அதை ஊருக்குள் முப்பது நாற்பதில் ஓட்டுகிறோம், பெல்ட் போடுகிறோம், பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைப்பதில்லை. கொழும்புக்கு இரவு பஸ். மச்சான்மார் குடும்பத்தோடு நுவரெலியா போக இரவல் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னோம். கோபித்துக்கொண்டார்கள். ஏசி போட்டால் பாலத்தில் ஏறத் திணறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஓகஸ்ட் மாதத்தில் அதை நினைத்துக் கொஞ்சம் பொறாமைப்படுவதும் உண்டு.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறோம். ஆம், இன்னமும் அந்த மாருதிதான். நீங்கள் சிரித்த அன்று காலையில்தான் உங்கள் உம்மாவை அதில் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் கூட்டி வந்தோம். உங்கள் வண்டி சேர்விஸில் நிற்பதாகச் சொன்னார். அடுத்த மாதத் திகதியும் எங்கள் கலண்டரில் குறித்திருக்கிறது, வண்டி வரும், உம்மாவிடம் ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம். நேரமிருந்தால் கூடவே வருகிறோம், இல்லாவிட்டால் காந்தத்தைக் கொண்டு போங்கள். திங்கட்கிழமைக்கு முன் திருப்பித் தந்துவிடுங்கள், தரம் எட்டுக்குப் பாடம் இருக்கிறது.